கரி போன கல்லில் பச்சை

1661ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் லண்டன் புகையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, மன்னர் இரண்டாம் சார்லசிடம் முறையிட்டார். நிலக்கரிப் புகை தேவாலயங்களையும் அரண்மனைகளையும் கறுக்க வைக்கிறது, இரும்பையும் கல்லையும்கூட அரிக்கிறது என்பது அவர் குறை. அது தீர ஏறக்குறைய முந்நூறு ஆண்டு பிடித்தது. தீர்ந்த பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. புகை விலகியதும் கற்சுவர்கள் கட்டிய நாளின் நிறத்துக்குத் திரும்பி அப்படியே நிற்கவில்லை. பல இடங்களில் பச்சை படர்ந்தது. நகரத்துக் கல் எந்தக் காலத்திலும் வெறும் கல்லாக நின்றதில்லை. அதன்மேல் எது படியும், எது குடியேறும் என்பதைப் பெரும்பாலும் அந்த நகரம் எரித்த எரிபொருளே முடிவு செய்திருக்கிறது. இதை மறந்து, நிறம் மாறியதையே நோய் என்று கொண்டு கல்லைச் சுரண்டத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் அனுபவம் சாட்சி.

கல்லில் குடியேறுபவை பல வகை: நீலப்பச்சை பாக்டீரியா, ஒற்றைச் செல் பாசிகள், கரும்பூஞ்சைகள், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்கள். செட்டிநாட்டுச் சமையலில் மணக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். வேர் இல்லாத இந்த உயிர் தனக்கு வேண்டியதை மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. காற்றில் கந்தகம் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்தே உள்ளே போகிறது. பாரிசில் வாழ்ந்த ஃபின்லாந்து அறிஞர் வில்லியம் நைலாண்டர், லக்சம்பர்க் தோட்டத்தில் செழித்திருந்த லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து, காற்றின் தூய்மையை இவற்றைக் கொண்டே அளக்கலாம் என்று 1866இல் எழுதினார். முப்பது ஆண்டுக்குள் அந்தத் தோட்டத்திலிருந்தும் அவை மறைந்துபோயின. பிரிட்டனின் தொழில் நகரங்களிலும் இதே கதைதான். முன்பு அரிதாக இருந்த லெகனோரா கோனிசாயிடஸ் என்ற ஒரு லைக்கன் மட்டும் கந்தகத்தைத் தாங்கிக்கொண்டு எங்கும் பரவியது. காற்றில் கந்தகம் குறைந்த பிறகு அதுவும் வேகமாகச் சரிந்தது. கல் கறுத்திருந்த காலம், கல்லில் வாழ்வன குறைந்திருந்த காலமுமாகும்.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புகளில் கரி குறையத் தொடங்கியதும், கறுத்த கட்டடங்களைக் கழுவிவிட வேண்டும் என்ற ஆர்வம் நகரங்களைப் பிடித்துக்கொண்டது. கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் மணற்கல் கட்டடங்கள் 1960களிலிருந்து தெருத் தெருவாகச் சுத்தம் செய்யப்பட்டன. அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சினார்கள்; ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த மருந்துகளைப் பூசிக் கழுவினார்கள். கரி போயிற்று, அதனோடு கல்லின் மேல்தோலும் போயிற்று. மணல் பட்ட பரப்பு சொரசொரப்பாகி ஈரத்தையும் வித்துகளையும் பிடித்து வைத்துக்கொண்டது. மருந்து பட்ட இடத்திலோ சில வேளைகளில் பாஸ்பேட் தங்கியது. பாசிக்கு அது உரம். அபர்தீனில் உள்ள ராபர்ட் கோர்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் இந்தச் சுவர்களை ஆராய்ந்தபோது, சுத்தம் செய்த முறையே பாசியை அழைத்து வந்திருக்கலாம் என்பது தெளிவாயிற்று. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சியதால் மழுங்கிய கல்வெட்டுகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது அந்நியச் செய்தி அல்ல. கருங்கல் மணற்கல்லைவிடக் கடினம் என்பது உண்மை. ஆனால் எழுத்தும் உளித்தடமும் இருப்பது கல்லின் மேற்பரப்பில்தானே?

தவறான சுத்திகரிப்பை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. யாரும் தொடாத சுவர்களும் பச்சையாகின்றன. பிரிட்டனின் கந்தக டை ஆக்சைடு வெளியீடு 1970க்குப் பின் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. விஷம் போனதால் உயிர் திரும்புகிறது. அதே காலத்தில் வாகனங்களிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வரும் நைட்ரஜன் சேர்மங்கள் கல்லுக்கு மழையோடு உரமிடுகின்றன. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டின் மணற்கல் கட்டடங்களை ஆராய்ந்தவர்கள், ஈரம் மிகுந்த நீண்ட குளிர்காலங்களில் கல் ஆழம்வரை நனைந்தே கிடப்பதும் பச்சைக்குக் காரணம் என்கிறார்கள். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே கறையில் கலந்திருப்பதால், அதைப் படிக்கப் பொறுமை வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்த உயிர்கள் கல்லைத் தின்பவை அல்லவா? ஆம், தின்னக்கூடியவைதான். லைக்கன் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கிறது. அதன் பூஞ்சை இழைகள் கல்லின் துகள்களுக்கிடையே நுழைந்து, நனையும்போது உப்பிக் காயும்போது சுருங்கிக் கல்லை நெகிழ்த்துகின்றன. சுண்ணக்கல்லிலும் சலவைக்கல்லிலும் இந்தத் தீங்கு கண்கூடு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. பார்த்தினான் கோயிலின் சலவைக்கல்லில் படிந்திருந்த கால்சியம் ஆக்சலேட்டை 1853இல் விவரித்த வேதியியலாளர் லீபிக், அது லைக்கன்கள் விட்டுச் சென்றது என்று கருதினார். பழங்காலத்தில் பூசிய கலவைகளின் எச்சம் என்று பின்னால் வந்தவர்களில் சிலர் வாதிட்டார்கள். விவாதம் இன்னும் அடங்கவில்லை. எப்படி வந்ததாயினும், அந்தப் படலம் மிஞ்சிய இடத்தில் அடியிலுள்ள உளித்தடம் பிழைத்திருக்கிறது, படலம் போன இடத்தில் கல் தேய்ந்திருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மேல்மாடக் கற்களில் 1980 முதல் தேய்மானத்தை அளந்து வந்தவர்கள், காற்றில் கந்தகம் குறையக் குறைய அதன் வேகமும் குறைந்ததைக் கண்டார்கள். உயிர்கள் குற்றமற்றவை என்று இது நிறுவவில்லை. பெரிய கொள்ளையன் யார் என்பதை மட்டும் காட்டுகிறது.

இன்னொரு மறுப்பு உணர்வைச் சார்ந்தது: போற்ற வேண்டிய ஒரு சின்னம் அழுக்காக நிற்பது அவமரியாதை இல்லையா? இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். செயின்ட் பாலில் மழை படாத மூலைகளில் கந்தகமும் சுண்ணமும் சேர்ந்து ஜிப்சமாகி, கரியை உள்ளே பூட்டிக் கறுத்த பொருக்காக நின்றது. அது உரியும்போது கல்லையும் உரித்துக்கொண்டு போகும். அங்கே கவனமாகக் கழுவியது சரியே. எடின்பரோவில் 1844இல் கட்டி முடித்த, எழுத்தாளர் ஸ்காட்டின் நினைவுச்சின்னத்தின் நிலைமை வேறு. பின்னி என்ற கல்குவாரியின் மணற்கல்லால் ஆனது அது. இயல்பாகவே எண்ணெய்ப் பசை உள்ள அந்தக் கல் கரியை ஆழமாகப் பிடித்துக்கொண்டது. 1990களில் பெரும் பழுதுபார்ப்பு தொடங்கியபோது பல முறைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, எந்த முறையில் கழுவினாலும் செதுக்குவேலை சேதமாகும் என்று கண்டு கழுவாமலே விட்டார்கள். உடைந்த பகுதிகளுக்கு மட்டும் பின்னிக் கல்லையே மறுபடி வெட்டி எடுத்து வந்து பொருத்தினார்கள். கறுத்த கல்லுக்கு நடுவே வெளிறிய புதுக்கல் ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறது என்று குறைபட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளலாம். மழுங்கிய சிற்பத்தை யாராலும் திரும்பத் தர முடியாது. ஒழுகும் நீர்வழியை அடைப்பது, மழைநீர் சுவரில் வழியாமல் திருப்பிவிடுவது, பிறகு ஓரிரு ஆண்டு பொறுத்து எது வளர்கிறது, கல் உண்மையில் உதிர்கிறதா என்று அளந்து பார்ப்பது, கடைசியாகத்தான் தூரிகையை எடுப்பது: எந்த ஊர்க் கல்லுக்கும் நான் கேட்பது இந்த வரிசையைத்தான்.