புறம்போக்கு

தேனிக்குப் போய் வருகிறவர்களில் பலர் அல்லிநகரத்துக்கும் போய்விட்டுத்தான் வருகிறார்கள். அது அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நகராட்சியின் பெயரே தேனி-அல்லிநகரம். பெயரில் பின்னால் நிற்கும் அல்லிநகரந்தான் வயதில் மூத்தது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். மதுரை, கம்பம், பெரியகுளம் ஆகிய மூன்று சாலைகளும் கூடுகிற இடத்தில் சந்தை வளர்ந்தது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது. தங்கை அக்காளை முந்திக்கொண்டு போய்விட்டாள். 1996-ல் மாவட்டத் தலைநகரமும் ஆகிவிட்ட பிறகு கேட்கவா வேண்டும்? 2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் இரண்டு ஊருக்குமாகச் சேர்த்து 94,453 பேர்.

இத்தனை பேருக்கும் வீடு வேண்டும். பிழைக்கக் கடைகண்ணி வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். இவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு. கண்மாய், மந்தை, களம் என்று சும்மா கிடக்கும் வெளி அது. இந்த மூன்றுக்கும் வழக்கு வந்தால் எப்போதும் தோற்பது எது என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

பழைய கிராமக் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குடியிருப்புக்கு நத்தம் என்று தனியே ஒதுக்கியிருந்தார்கள். ஆடு மாடு கூட மந்தை, கதிர் அடிக்கக் களம், வண்டி போகப் பாட்டை, நீர் தேங்கக் கண்மாய், கடைசியில் போய்ச் சேரச் சுடுகாடு, எல்லாவற்றுக்கும் அதனதன் இடம் குறிக்கப்பட்டிருந்தது. வரி விதிக்கப்படாத இந்த நிலங்களுக்கெல்லாம் பொதுப் பெயர் புறம்போக்கு. வரிக் கணக்குக்குப் புறமாகப் போனது என்பதுதான் பொருள். ஒருவனுக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் சொந்தமான நிலம். இன்று அந்தச் சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? உதவாக்கரையைத் திட்டுவதற்கு! வருமானம் தராத நிலத்தைப் பற்றி நம் மனம் என்ன நினைக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வெளியைக் கொடுத்து வீட்டை வாங்கிய கதைக்குச் சென்னைத் தியாகராய நகரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே ஒரு காலத்தில் மாம்பலம் ஏரி பரந்து கிடந்தது. நகரத்தில் ஜனநெருக்கம் மிகுந்தது. 1920-ல் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்த நாளில், 1923-ல் தொடங்கி, ஏரியைத் தூர்த்து மனைகள் போட்டார்கள். செய்தவர்களை மூடர்கள் என்று சொல்ல முடியாது. குடியிருக்க இடமில்லாதவனிடம் ஏரியின் அழகைப் பற்றிப் பேசினால் அவன் வயிறு எரியும். அகலமான சாலைகள், மரங்கள், நடுவிலே ஒரு பூங்கா என்று ஒழுங்காகத்தான் வரைந்தார்கள்.

ஆனால் ஊர் வரைபடத்தோடு நின்றுவிடுமா? 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்குகிற கூட்டம் நடக்கிற வழியெல்லாம் கடை முளைத்தது. வீட்டுத் திண்ணை கடையாயிற்று. பிறகு வீடே கடையாயிற்று. அப்புறம் மாடி மேல் மாடி ஏறிற்று. இன்று ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பாண்டி பஜாரில் மக்கள் நிம்மதியாக நடப்பதற்குச் சில அடி அகலம் மீட்டுக் கொடுக்க 2019-ல் தனித் திட்டமே வேண்டியிருந்தது. ஏரி போயிற்று, அதன் இடத்தில் வந்த வீடுகளும் பெரும்பாலும் போயின. பனகல் பூங்கா மட்டும் இருக்கிறது. ஏன் இருக்கிறது? மனைகளை விற்கும் முன்பே, "இது விற்பனைக்கு அல்ல" என்று கோடு கிழித்துவிட்டார்கள். அதனால்தான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீடு கடையாகலாம்; நொடித்துப் போன கடை மறுபடி வீடாகவும் ஆகலாம். வெளி மட்டும் ஒரு தடவை கட்டடமாகிவிட்டால் திரும்பி வெளியாவதில்லை. ஆகவே மூன்றையும் ஒரே தராசில் வைத்து வாடகைக் கணக்குப் போடுவதே பிசகு. வெளிக்கு வேண்டியதை முதலில் அளந்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வீடும் கடையும் தங்களுக்குள் வழக்காடிக் கொள்ளட்டும்.

சட்டமும் இதை அறியாமல் இல்லை. பழைய சட்டத்தின் இடத்தில் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கை வெளியாக விட வேண்டும் என்பது விதி. நீர்நிலைகளைக் காக்க 2007-ல் இன்னொரு சட்டமும் உண்டு. ஆனால் ஏடு வேறு, தரை வேறு. தேனி நகருக்கு நடுவே ஓடும் ராஜவாய்க்காலைக் கட்டடங்கள் நெருக்கி, அதை அளந்து மீட்பதே பெரும்பாடாகிவிட்டது.

அல்லிநகரத்துக்கு இன்னும் மீறுசமுத்திரக் கண்மாய் இருக்கிறது. பள்ளத்தாக்கில் ரயில் 2010-ம் ஆண்டு முடிவோடு நின்று, 2022-ல் அகலப் பாதையில் தேனிக்குத் திரும்பி வந்தது. ரயில் வந்தால் மனை விலை ஏறும். இது தியாகராய நகர் கற்றுக்கொடுத்த பாடம். கண்மாய்க் கரையில் கோடு கிழிக்க இதுவே தருணம். ஊருக்கு அல்லி என்ற பெயர் எதனால் வந்ததோ, எனக்குத் தெரியாது. அல்லி பூக்கத் தண்ணீர் வேண்டும் என்பது மட்டும் தெரியும்.