தபுதார நாயகர்கள்: தமிழ் கௌபாய் வாசிப்பில் காதலும் இழப்பும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் கௌபாய்த் தொடர்களில் காதல் நிறைவேறுவது அரிது. அது ஒத்திவைக்கப்படும் அல்லது இறப்பால் முடிக்கப்படும். அத்தொடர்கள் கோலோச்சிய காலத்தில் தமிழகத்தில் தொலைக்காட்சி இல்லை. திரையரங்கும் சிவகாசிக் காமிக்ஸ் இதழ்களுமே அவ்வகைமையைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தன. டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் ஆகிய இரு நாயகர்களைக் குறித்துத் தமிழ் ரசிகர்கள் கொண்ட நெடிய வழக்கு, வீரத்தைப் பற்றியதாகத் தோன்றினும் அதன் அடியில் காதலும் இழப்பும் பற்றிய வழக்காகவும் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கௌபாய்க் கதைகள், தமிழ்க் காமிக்ஸ், டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், தபுதார நிலை, வாசக ஏற்பு.

முன்னுரை

'கன்ஸ்மோக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1955இல் தொடங்கி, 635 நிகழ்வுகளுக்குப் பின் 1975இல் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 15இல்தான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்க வீடுகளில் இருபது ஆண்டுகள் வாரந்தோறும் வந்துபோன குதிரை வீரர்கள் விடைபெற்ற ஆண்டிலேயே தமிழக வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது என்பது தற்செயலே. ஆயினும் இத்தற்செயல் ஓர் ஆய்வு வினாவை எழுப்புகிறது. தொலைக்காட்சியின் துணையின்றித் தமிழில் ஒரு கௌபாய் ரசிகர் மரபு எவ்வாறு உருவாயிற்று? அம்மரபு எந்த உணர்ச்சியைப் பற்றிக்கொண்டது?

தமிழ்க் காமிக்ஸ் குறித்து எழுதப்படுவன பெரும்பாலும் இளமை நினைவுகளாக அமைகின்றன. குதிரை, துப்பாக்கி, துரத்தல் ஆகியன சிறுவர்களைக் கவர்ந்தன என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. இவ்விளக்கம் பிழையன்று, போதாது. வெறும் துரத்தலுக்காகப் படித்தவர்கள் நாற்பது வயதைக் கடந்தும் நாயகனின் இறந்த மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

காதலை ஒத்திவைக்கும் வடிவம்

இவ்வகைமையின் முன்னோடி நாவலாகக் கருதப்படும் ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' (1902) ஒரு காதற்கதை. மாட்டுப்பண்ணையில் வேலை செய்யும் ஒருவனுக்கும் கிழக்கிலிருந்து வந்த பள்ளி ஆசிரியைக்கும் இடையிலான உறவே அதன் நடு இழை. அது திருமணத்தில் முடிகிறது. நாவலுக்கு முடிவு உண்டு. ஆகவே திருமணம் இயலும். வாரந்தோறும் தொடர வேண்டிய தொலைக்காட்சித் தொடருக்கு அது இயலாது. மணமான நாயகன் அடுத்த வாரம் ஊர் ஊராக அலைய முடியாதல்லவா?

'கன்ஸ்மோக்' இச்சிக்கலைத் தீர்த்த விதம் நுட்பமானது. காவல் அதிகாரி மேட் டில்லனுக்கும் மதுக்கூட உரிமையாளர் கிட்டி ரஸ்ஸலுக்கும் உள்ள நெருக்கம் பார்வையாளர் அனைவருக்கும் தெரியும். ஆயினும் அது வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. கிட்டியாக நடித்த அமாண்டா பிளேக் 1974இல் விலகும்வரை அந்நிலை மாறவில்லை. 1973இல் வந்த ஒரு நிகழ்வில் டில்லன் ஒரு கைம்பெண்ணிடம் காதல் கொள்கிறார். எப்போது? அடிபட்டுத் தம் நினைவை இழந்தபோது. தாம் யார் என்பதை மறந்தால் மட்டுமே அக்காவல் அதிகாரிக்குக் காதல் வாய்க்கிறது. இவ்வகைமையின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம்.

இரண்டாவது தீர்வு இறப்பு. 'பொனான்ஸா' (1959–1973) தொடரின் பென் கார்ட்ரைட் மூன்று முறை மணந்து மூன்று முறையும் மனைவியை இழந்தவர். அவருடைய மூன்று மகன்களும் வெவ்வேறு தாயருக்குப் பிறந்தவர்கள். அம்மகன்கள் காதலித்த பெண்களும் பலவாறு இறந்தோ பிரிந்தோ போனதால், ரசிகர்கள் இதைக் கார்ட்ரைட் குடும்பத்துச் சாபம் என்றே பேசினர். 1972இல் மைக்கேல் லாண்டன் எழுதி இயக்கிய நிகழ்வில் இளைய மகன் ஜோ மணந்த பெண் கொல்லப்படுகிறாள். முதலில் இக்கதை ஹாஸ் என்னும் மகனுக்காகத் திட்டமிடப்பட்டது. அப்பாத்திரத்தில் நடித்த டேன் பிளாக்கர் அவ்வாண்டு மே மாதம் காலமானதால் ஜோவுக்கு மாற்றப்பட்டது. திரைக்குள் ஒரு துயரமும் திரைக்கு வெளியே ஒரு துயரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அந்நிகழ்வு ரசிகர் நினைவில் தனியிடம் பெற்றிருப்பதில் வியப்பில்லை. 'தி ரைஃபிள்மேன்' (1958–1963) நாயகன் லூகாஸ் மெக்கெயினும் மனைவியை இழந்து மகனை வளர்ப்பவனே.

மனைவியை இழந்தவனின் நிலையைத் தமிழ் இலக்கண மரபு தனித்துறையாகவே வகுத்துள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின்கண் தபுதார நிலையைக் கூறுகிறது. கணவனை இழந்தவளின் தாபத நிலை அதற்கு இணையாக வைக்கப்படுகிறது. புறநானூற்றின் 245ஆம் பாடலில் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவி ஈமத்தில் கிடக்கத் தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணி நாணுகிறான். காதல் அகத்துக்குரியது, காதலியை இழந்தவனின் நிலையோ புறத்தில் வைக்கப்பட்டது. கௌபாய் நாயகனைப் புரிந்துகொள்ள இப்பகுப்பு பெரிதும் உதவுகிறது. அவனுடைய அகவாழ்வு கதை தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. நாம் காண்பது அதன் புறவெளிப்பாட்டை. வேறுபாடும் உண்டு. காஞ்சித்திணையில் இழப்பு நிலையாமையை உணர்த்துகிறது. தொடர்கதையில் இழப்பு நாயகனை அடுத்த பயணத்துக்கு விடுவிக்கிறது. முன்னது வாழ்வின் எல்லையைக் காட்ட, பின்னது கதையை எல்லையின்றி நீட்டுகிறது. தாபத நிலைக்கு இவ்வகைமை அதே அளவு இடம் தரவில்லை. பார்பரா ஸ்டான்விக் குடும்பத் தலைவியாக நடித்த 'தி பிக் வேலி' (1965–1969) குறிப்பிடத்தக்க விதிவிலக்கு.

திரையரங்கும் பழைய புத்தகச் சந்தையும்

தமிழகத்துக்கு இவ்வகைமை வந்த முதல் வழி திரையரங்கு. சென்னை ஜார்ஜ் டவுனின் மினர்வா போன்ற அரங்குகள் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்றவை. 'மெக்கன்னாஸ் கோல்ட்' (1969) இந்தியாவெங்கும் பெருவெற்றி பெற்றது. தமிழிலேயே கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய படங்கள் 1972இல் வந்தன. இப்படங்கள் குதிரையையும் தொப்பியையும் ஏற்றுக்கொண்டன. காதலை ஒத்திவைக்கும் இலக்கணத்தை ஏற்கவில்லை. தமிழ்த் திரைப்படத்துக்குப் பாடல் வேண்டும். பாடலுக்கு நாயகி வேண்டும். தனித்தலையும் வீரன் என்ற படிமம் தமிழ்த் திரையில் வேர்கொள்ளாமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கருத இடமுண்டு. சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) படத்தில் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் எனப் பெயரிட்டு அம்மரபுக்கு நகைச்சுவையாக வணக்கம் செலுத்தினார்.

இரண்டாவது வழி காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கப்பட்டது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றின் வண்ணச் சீட்டுகளுக்காக வளர்ந்த சிவகாசியின் அச்சுத்தொழிலே இவ்விதழ்களின் பின்புலம். (தீப்பெட்டித் தொழிலில் சிவகாசிக்குப் போட்டியாக விளங்கிய விம்கோ ஆலை திருவொற்றியூரில் இருந்தது, அதன் பெயரைத் தாங்கிய விம்கோ நகர் தொடர்வண்டி நிலையம் இன்றும் உள்ளது. அவ்வாலை அமைந்த வடசென்னையில் தீப்பெட்டியோடு காமிக்ஸ் அச்சிடப்படவில்லை, படிக்கப்பட்டது.)

வடசென்னை வாசகரின் நிலையை ஓர் இருப்புப்பாதையைக் கொண்டு விளக்கலாம். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் அனல்மின் நிலையங்களையும் ஒட்டி வரும் புறநகர் வண்டி சென்ட்ரலில் முடிகிறது. அதன் அருகிலேயே பழைய புத்தகங்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் இருந்தது. வேலைக்கோ கல்லூரிக்கோ அப்பாதையில் வந்தவருக்கு வண்டியை விட்டு இறங்கும் இடமே புத்தகச் சந்தை. 1985 மே மாதம் அது தீக்கிரையானது. இன்று கும்மிடிப்பூண்டி வழித்தட வண்டிகள் வந்து நிற்கும் மூர் மார்க்கெட் வளாக நிலையம் அவ்விடத்தில்தான் எழுந்தது. டெக்ஸ் வில்லர் தமிழில் அறிமுகமானதும் அதே 1985இல், 'தலை வாங்கிக் குரங்கு' என்னும் லயன் காமிக்ஸ் இதழில்.

லிலித்: தமிழில் கதைக்கு முன்பே இறந்தவள்

டெக்ஸ் வில்லரை 1948இல் இத்தாலியில் படைத்தவர்கள் கதாசிரியர் ஜான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் ஔரேலியோ கல்லெப்பினியும் ஆவர். நவஹோ மக்களிடம் சிறைப்பட்டுக் கம்பத்தில் கட்டப்பட்ட டெக்ஸை, தலைவரின் மகள் லிலித் மணந்துகொண்டு காப்பாற்றுகிறாள். இத்திருமணத்தாலேயே டெக்ஸ் பின்னர் அம்மக்களின் தலைவனாகி 'இரவுக் கழுகு' என அழைக்கப்படுகிறான். நாயகனின் அரசியல் தகுதிக்கு அடித்தளமே அவள்தான். ஆயினும் கதையில் அவள் நெடுநாள் வாழவில்லை. வணிகர்கள் விற்ற நோய்தொற்றிய போர்வைகளால் பரவிய பெரியம்மையில் அவள் இறந்ததையும் டெக்ஸ் பழிவாங்க உறுதிபூண்டதையும் விரிவாகச் சொல்லும் கதை இத்தாலியில் 1969இல்தான் வந்தது. இருபது ஆண்டுக்காலம் அவ்விழப்பு பெரும்பாலும் கதையின் நிழலாகவே இருந்தது.

தமிழில் அந்நிழல் மேலும் அடர்ந்தது. சிவகாசி இதழ்கள் டெக்ஸ் கதைகளை இத்தாலிய வரிசையில் வெளியிடவில்லை. கிடைத்த, பொருத்தமான கதைகளைத் தேர்ந்தெடுத்தே வெளியிட்டன. ஆகவே தமிழ் வாசகர் டெக்ஸைச் சந்தித்தபோது அவன் வளர்ந்த மகன் கிட்டுக்குத் தந்தை. நரைத்த தோழன் கார்சனோடும் நவஹோ வீரன் டைகர் ஜாக்கோடும் பயணம் செய்பவன். அவன் காதலனாக இருந்த பருவம் தமிழ் வாசகருக்கு நிகழ்வாக அன்றி நினைவாகவே கிட்டியது. இத்தாலிய வாசகருக்கு இழப்பாக இருந்தது தமிழ் வாசகருக்கு முன்வரலாறாக அமைந்தது. தபுதார நிலை என்ற சொல் இங்கு முழுமையாகப் பொருந்துகிறது.

இதனாலேயே தமிழ் ரசிகரின் உணர்ச்சி காதலிலிருந்து தோழமைக்கு இடம்பெயர்ந்தது எனலாம். கார்சனை 'வெள்ளி முடியார்' என்று அழைத்து, அவருடைய புலம்பலையும் உணவு ஆசையையும் டெக்ஸின் கேலியையும் ரசிகர்கள் கொண்டாடுவது, குடும்பத்தில் பெண்ணின் இடம் வெறுமையான பின் எஞ்சிய அன்பின் வடிவத்தைக் கொண்டாடுவதே. தந்தை, மகன், மூத்த தோழர், உடன்பிறப்பு ஒத்த வீரன் என நால்வரும் தீமூட்டி அமரும் காட்சிகள் துப்பாக்கிச் சண்டைகளுக்கு இணையாகப் போற்றப்படுவதற்கு வேறு விளக்கம் கூறுவது கடினம்.

பதிப்புச் சூழலும் இதற்குத் துணைநின்றது. இதழ்களைச் சிறுவர்கள் வாங்க வேண்டுமாயின் பெற்றோர் ஒப்ப வேண்டும். 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸின் ஜேம்ஸ் பாண்ட் கதைகளில் பெண்களின் உடைகள் மையால் நீட்டி வரையப்பட்டமை ரசிகர் அனைவரும் அறிந்தது. பெண்களே பெரிதும் தோன்றாத டெக்ஸ் கதைக்கு அத்தகைய மை தேவைப்படவில்லை. அக்கதையின் வெற்றிக்கு இந்த எளிய காரணத்தையும் ஆய்வாளர் மறத்தலாகாது.

டைகரும் பேர்லும்

டெக்ஸ் ரசிகருக்கு எதிரணியில் நிற்பவர் டைகர் ரசிகர். ழான்-மிஷேல் ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைய, 1963இல் பிரெஞ்சில் தொடங்கிய 'புளூபெர்ரி' தமிழில் கேப்டன் டைகர் ஆனது. ஒரு பழத்தின் பெயரால் தமிழ்நாட்டில் வீரனை அழைக்க இயலாது என்பதைப் பதிப்பகம் சரியாகவே உணர்ந்திருந்தது. டெக்ஸ் தோற்பதில்லை, டைகர் தோற்பான், சிறைப்படுவான், ஏமாறுவான். இரு தரப்பாரும் தத்தம் நாயகனைப் புகழ்ந்து நடத்தும் வழக்கு பொதுவாக 'யார் பெரிய வீரர்' என்பதாகவே எடுத்துரைக்கப்படுகிறது.

அவ்வழக்கைக் காதலின் பக்கமிருந்து படித்தால் வேறொன்று புலனாகிறது. 1973இல் நூலாக வந்த கதையில் அறிமுகமாகும் பாடகி சிஹுவாஹுவா பேர்ல், உள்நாட்டுப் போரில் மறைக்கப்பட்ட ஐந்து இலட்சம் டாலர் தங்கத்தைத் தேடுபவள். அவள் நாயகனின் கைப்பற்றில் இருப்பவள் அல்லள். அவளுக்கெனக் கணக்கும் திட்டமும் உண்டு. டைகர் அவளிடம் ஈர்க்கப்படுகிறான். அவளோ தங்கத்தையும் தன் விடுதலையையும் முதலில் எண்ணுகிறாள். இத்தங்க வேட்டைக் கதைகள் 2015இல் 'மின்னும் மரணம்' என்னும் வண்ணப் பெருந்தொகுப்பாக வந்தபோது, சிறுவயதில் கருப்பு வெள்ளையில் துண்டு துண்டாகப் படித்தவர்கள் நடுவயதில் அதை ஒருசேரப் படித்தனர். முன்பு இடையூறாகத் தோன்றிய பெண், அம்மறுவாசிப்பில் கதையின் மையத்துக்கு வருகிறாள்.

ஷார்லியே 1989இல் இறந்தபின் ஜிரோ நிறைவுசெய்த 'அரிசோனா லவ்' (1990) நூலில் நாயகன் மணமேடையிலிருந்தே பேர்லைக் கவர்ந்து செல்கிறான். இதனை உடன்போக்கோடு ஒப்பிடத் தமிழ் வாசகருக்கு ஆசை எழலாம். ஒப்புமை நில்லாது. உடன்போக்கு தலைவியின் இசைவாலும் தோழியின் துணையாலும் நிகழ்வது. இங்கு நடப்பது எண்வகை மணத்துள் இராக்கதம் எனப்படுவதற்கே நெருங்கியது. அதன்பின் பேர்ல் அவனோடு தங்கிவிடவும் இல்லை. டெக்ஸின் மனைவி இறந்து நாயகனை விடுவிக்கிறாள். டைகரின் காதலி தானே நீங்கித் தன்னை விடுவித்துக்கொள்கிறாள். டெக்ஸ் அணியினர் போற்றுவது இறந்தவளிடம் மாறாத ஒருவனை. டைகர் அணியினர் போற்றுவது உயிரோடிருப்பவளைத் தக்கவைக்க முடியாத ஒருவனை.

இவ்வழக்கின் முதன்மைச் சான்றுகள் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கங்களிலும் ஆசிரியர் பக்கங்களிலும் உள்ளன. கதைகள் மறுபதிப்புக் காண்கின்றன. கடிதப் பக்கங்கள் அவற்றோடு மறுபதிப்பாவதில்லை. அவை முதற்பதிப்புகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவையும் பெரிதும் தனிச் சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் உள்ளன.