கிண்டியில் படித்த ராவும் 50 கேபி போட்டோவும்

இன்னைக்கும் வரலாறுதான், ஆனா ராஜா ராணி கிடையாது. உங்க போன்ல இருக்கிற போட்டோக்களுக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஒரு கணக்கோட வரலாறு.

எங்க ஊர் தளவாய்புரம், ராஜபாளையத்துக்குப் பக்கம். நைட்டி தைக்கிற ஊர்னு துணிக்கடைக்காரங்களுக்குத் தெரியும். இப்பல்லாம் வியாபாரம் பாதி பிடிஎஃப் கேட்டலாக்லதான் நடக்குது. 40 டிசைன், 40 போட்டோ. ஒரு போட்டோ 4 எம்பின்னு வச்சாலே மொத்தம் 160 எம்பி. ஜிமெயில் 25 எம்பிக்கு மேல இணைப்பா ஏத்துக்காது. இன்னொரு பக்கம், வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள். போட்டோ 20லிருந்து 50 கேபிக்குள்ள, கையெழுத்து 10லிருந்து 20 கேபிக்குள்ள இருக்கணும். கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு 52 கேபின்னு காட்டினா வயித்தைக் கலக்கும்.

இந்த அளவுக்குப் படத்தைச் சுருக்க முடியுதே, அது எப்படி வந்தது?

முதல்ல சுருக்காத படத்தோட எடையைப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் போட்டோன்னா 1 கோடியே 20 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு 3 பைட். ஆக மொத்தம் 36 எம்பி. நம்ம போன்ல அதுவே 3, 4 எம்பியாத்தான் இருக்கு. மீதி எங்க போச்சு?

அதுக்கு 1972க்குப் போகணும். பெங்களூருல பிறந்து வளர்ந்த நசீர் அகமது அப்போ அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். படத்தைச் சுருக்க கொசைன் அலைகளைப் பயன்படுத்தலாம்னு ஒரு யோசனை. தேசிய அறிவியல் அறக்கட்டளைகிட்ட ஆய்வுப் பணம் கேட்டார். கிடைக்கலை. யோசனை ரொம்ப எளிமையா இருக்குன்னு ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தாராம். அவருக்குச் சம்பளம் வருஷத்துல 9 மாசம்தான். கோடை 3 மாசத்துக்கு ஆய்வுப் பணம் இல்லைன்னா குடும்பத்துக்கு நெருக்கடி. இருந்தும் 1973 கோடையை அவர் இதுக்கே கொடுத்தார்.

கூட நின்னவங்க ரெண்டு பேர். ஒருத்தர் அவரோட ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன். இன்னொருத்தர் நண்பர் கே. ஆர். ராவ். ராவ் நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில 1952ல பட்டம் வாங்கினவர். அப்போ டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோட ஆர்லிங்டன் வளாகத்துல பேராசிரியர். மூணு பேர் பேரும் போட்டு 1974 ஜனவரியில நாலு பக்கத்துல ஒரு கட்டுரை வந்தது. அதுதான் டிசிடி. 1992ல ஜேபெக் தரமுறை வந்தப்போ, அதோட இதயமா இருந்தது இந்தக் கணக்குதான்.

அது என்ன செய்யுதுன்னு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை வச்சுப் பார்க்கலாம். 11 நிலை, பின்னால நீல வானம். ஜேபெக் அந்தப் படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட குட்டிக் கட்டங்களா வெட்டும். ஒவ்வொரு கட்டத்தையும் 64 வகை அலைகளோட கலவையா மாத்தி எழுதும். வானம் இருக்கிற கட்டத்துல ஒண்ணு ரெண்டு எண்ணிலேயே விஷயம் முடிஞ்சிடும், மீதி கிட்டத்தட்ட பூஜ்யம். சிற்பம் இருக்கிற கட்டத்துல நிறைய எண் தேவைப்படும்.

டிசிடி எதையும் தூக்கிப் போடுறதில்லை. எது முக்கியம்னு தெரியற மாதிரி பிரிச்சு வைக்குது. தூக்கிப் போடுறது அடுத்த படி. நம்ம கண்ணுக்கு மிக நுணுக்கமான மாற்றங்கள் சரியாத் தெரியாது. அதனால அந்த எண்களை முரட்டுத்தனமா ரவுண்ட் பண்ணிடும், பல எண் பூஜ்யமாயிடும். ‘குவாலிட்டி 80, 60’ன்னு நீங்க நகர்த்துற பட்டன், இந்த ரவுண்டு எவ்வளவு முரடா இருக்கணும்னுதான் தீர்மானிக்குது. போன எண் திரும்ப வராது.

இது தெரிஞ்சா கேட்டலாக் கணக்கு சுலபமாயிடும். பக்கத்துல 3 இஞ்ச் அகலத்துல வர்ற படத்துக்கு, இஞ்சுக்கு 200 புள்ளின்னா 600 புள்ளி போதும். 4000 புள்ளிப் படத்தை வேர்ட்ல ஒட்டி மூலையைப் பிடிச்சு இழுத்தா, சின்னதாத் தெரியும், ஃபைல் எடை குறையாது. க்ராப் பண்ணாலும் வெட்டின பகுதி உள்ளேயே மறைஞ்சிருக்கும். அதனால முதல்ல படத்தைச் சின்னதாக்குங்க, அப்புறம் ஒட்டுங்க. ஒரு படம் 100 கேபின்னா, 40 படமும் சேர்ந்து 4 எம்பிதான். சிவகாசியில அச்சடிக்கக் கொடுக்கிறதா இருந்தா கதை வேற. அங்க இஞ்சுக்கு 300 புள்ளி கேட்பாங்க.

எழுத்துக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஜேபெக் ஒத்துவராது. கறுப்பும் வெள்ளையும் சட்டுனு மாறுற ஓரத்தை எழுத அந்த நுணுக்கமான எண்கள் எல்லாமே வேணும். அதை வெட்டினா எழுத்தைச் சுத்தி அழுக்குப் படிஞ்ச மாதிரி இருக்கும். அதுக்கு 1996ல வந்த பிஎன்ஜி சரி; அது எதையும் தொலைக்காது. ஆனா விண்ணப்பத்துல ஜேபெக்தான் கேட்டா, கையெழுத்தை வெள்ளைத் தாள்ல கறுப்பு மையில போட்டு, ஓரத்தை வெட்டிட்டு, கேட்ட புள்ளி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே குவாலிட்டியைக் குறைங்க.

கடைசியா ஒண்ணு. பல வீடுகள்ல தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கரையான் அரிச்சுட்டிருக்கு. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பி, அதையே திரும்பச் சேமிச்சு, மறுபடி யாருக்கோ அனுப்பினா ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் போகும். சர்வே எண்ல 3ஆ 8ஆன்னு தெரியாம நிக்கிற நாள் வரும். போட்டோவா இல்லாம ‘டாக்குமென்ட்’டா அனுப்புங்க. எடை குறைச்சது ஒரு ஃபைல், மூலம் தனி ஃபைல்.

ராவ் 2021 ஜனவரியில காலமானார். உங்க வீட்டுப் பழைய பத்திரத்தை இந்த வாரம் ஒருதடவை முழு அளவுல ஸ்கேன் பண்ணி வச்சுடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.