பக்கவாதத்துக்குப் பிந்தைய செயல்திறன் அளவீடு

பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர் தன் அன்றாட வேலைகளை எந்த அளவுக்குத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பதை எண்ணால் குறிக்கும் முறை. கை எவ்வளவு உயர்கிறது என்பதல்ல, அந்தக் கையால் சாப்பிட முடிகிறதா என்பதே இதன் கேள்வி.

உடற்குறையை எண்ணாக்குவது கோலார் தங்கவயல் போன்ற சுரங்க ஊருக்குப் புதிதல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பிற்கால அட்டவணைப்படி, கட்டைவிரல் போனால் இழப்பு 30 சதவீதமாக இருந்தது. ஆனால் அது சம்பாதிக்கும் திறனின் கணக்கு. வேட்டி கட்ட முடிகிறதா என்று சட்டம் கேட்டதில்லை.

மருத்துவத்தில் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ராங்கின். பக்கவாத நோயாளிகளை 5 படிகளாகப் பிரித்து 1957இல் எழுதினார். அறிகுறியே இல்லாதவருக்கு 0, இறந்தவருக்கு 6 என்பவை பிற்காலச் சேர்க்கை. சுருக்கமான அளவுகோல், கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட.

1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மருத்துவர் ஃபுளோரன்ஸ் மஹோனியும் பிசியோதெரபிஸ்ட் டொரோதியா பார்த்தெலும் வெளியிட்ட குறியீடுதான் உலகெங்கும் பரவியது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலசலக் கட்டுப்பாடு, நடை, படியேற்றம் உள்ளிட்ட 10 இனங்கள். மொத்தம் 100 மதிப்பெண். யாருடைய சாப்பாட்டு மேசையை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது என்பது முதல் இனத்திலேயே தெரிந்துவிடும்: உணவை வெட்டிக்கொள்ள வேண்டும், உப்பும் மிளகும் தூவ வேண்டும், ரொட்டியில் வெண்ணெய் தடவ வேண்டும். ராகிக் களியைக் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குபவருக்குக் கத்தி எதற்கு? அவருக்கு வேண்டியது வலது கை விரல்களின் பிடி. அது போய்விட்டால், இடது கையால் சாப்பிடும் கூச்சத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டும்.

கழிப்பறை இனமும் அப்படித்தான். தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய ‘லைன்’ வீடுகள் பலவற்றில் கழிப்பறை உள்ளே இல்லை. பொதுக் கழிப்பறை வரை நடந்து, குத்தவைத்து உட்கார்ந்து, ஒற்றைக் காலில் பலம் கொடுத்து எழ வேண்டும். மருத்துவமனையில் வாங்கிய முழு மதிப்பெண் வீட்டு வாசலில் குறைந்துவிடுகிறது. 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று பொருளில்லை, சமையலும் வீட்டு நிர்வாகமும் கைவராமல் இருக்கலாம் என்று குறியீட்டை உருவாக்கியவர்களே எச்சரித்திருந்தார்கள்.

அந்த இடைவெளியை நிரப்ப 1983இல் இங்கிலாந்தில் ஃபிரெஞ்சே செயல்பாட்டுக் குறியீடு வந்தது. சமையல், கடைக்குப் போவது, வெளியே நடப்பது, பயணம், சம்பள வேலை உள்ளிட்ட 15 கேள்விகள். 2001இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின், அங்குள்ள மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்த்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. நெரிசலில் ரயிலேற முடிகிறதா என்பதே இங்கே பெரிய பரீட்சை.

இந்திய வாழ்க்கைக்கென்றே ஓர் அளவுகோல் 1999இல் வெளியானது. ஹரியானாவின் பல்லப்கரில், எழுதப் படிக்கத் தெரியாத முதியோரையும் கருத்தில் கொண்டு உருவானது. ஆனால் அது மறதிநோய் ஆய்வுக்கானது. பக்கவாதத்தில் பெரிய இந்தியச் சோதனை 2017இல் லான்செட் இதழில் வந்த ‘அட்டெண்ட்’: 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். வீட்டாருக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 6 மாதம் கழித்து ராங்கின் அளவில் 3 முதல் 6 வரை, அதாவது பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இறந்தவர்களும், பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 சதவீதம்.

இன்றும் பக்கவாத மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் 90ஆம் நாளின் ராங்கின் எண்ணையே முடிவாகக் கொள்கின்றன. பல சமயம் அது தொலைபேசியிலேயே கேட்கப்படுகிறது. லைன் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு அந்த ஓர் எண் போதாது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வீட்டுக்கே போய், அவர் குத்தவைத்து எழுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.