சுழல் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணும்

கைத்துப்பாக்கி என்னும் ஒரே சொல் தமிழில் இருவகைக் கருவிகளைக் குறிக்கிறது. தோட்டாக்கள் பெரும்பாலும் கைப்பிடிக்குள் செருகப்பட்டிருப்பது பிஸ்டல். அவை சுழலும் உருளையின் அறைகளில் அமைந்திருப்பது ரிவால்வர். மலாயாத் தொழிலாளர் வரலாற்றைப் பயில்வோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று. ரிவால்வர் ஒன்றை வைத்திருந்த குற்றத்திற்காகவே தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார்.

சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் 1836இல் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குழல், உருளை, விசை ஆகிய யாவற்றையும் தாங்கி நிற்கும் இரும்புக் கூட்டையே பிரேம் என்பர். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் அதன் அளவுகளை எழுத்துகளால் குறிக்கிறது. 1950இல் வந்த 'ஜே' சிறியது. அதன் உருளையில் பொதுவாக ஐந்து அறைகள். 1899இல் தோன்றிய 'கே' நடுத்தரமானது. ஆறு அறைகள் கொண்டது. 1908இல் வந்த 'என்' பருமனானது. குழலின் நீளத்தைக் கொண்டு கூட்டின் அளவை முடிவு செய்தல் தவறு. ஒரே கூட்டில் குறுங்குழலும் நெடுங்குழலும் பொருத்தப்படுவதுண்டு. உருளையின் பருமனையே நோக்க வேண்டும்.

கைப்பிடியின் அடிப்பாகம் சதுரமாகவோ, உருண்டையாகவோ, பறவைத் தலைபோல் வளைந்தோ இருக்கும். உருண்டை வடிவம் சட்டைக்குள் மறைக்க ஏற்றது. சதுரம் கைக்கு உறுதி தருவது. ஆயினும் இருபக்க மரத்தகடுகளை எவரும் மாற்றிவிடலாம். ஆதலின், அவற்றின் உள்ளே உள்ள இரும்பின் வடிவமே நம்பத்தக்க சான்று. பிரிட்டிஷ் படையினர் 1932 முதல் கொண்ட என்பீல்டு ரிவால்வரையும், அதனை ஒத்த வெப்லியையும் அறிவது எளிது. குண்டு நிரப்புகையில் இவை நடுவே மடிந்து திறக்கும்.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அனுமதியின்றி ஆயுதம் தாங்குவோர்க்கு மரண தண்டனை என அவசர கால விதிகள் கூறின. தோட்டத் துரைமாரோ அனுமதியுடன் ஆயுதம் தாங்கினர்.

அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ரவாங் வட்டாரத்தில் ரிவால்வருடனும் தோட்டாக்களுடனும் பிடிபட்டார். அதனைக் கண்டெடுத்துப் போலீசாரிடம் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாக அவர் வாதாடினார். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. 1949 மார்ச் மாதத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசின் முறையீடும் பயன் தரவில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தண்டனை நிறைவேறியது.

கூடு சிறிதா பெரிதா, பிடி உருண்டையா சதுரமா என்பன அவ்விதிக்கு ஒரு பொருட்டல்ல. எவரையேனும் சுட்டாரா என்பதும் அதற்குத் தேவையில்லை. அனுமதி உண்டா, இல்லையா என்பதே கேள்வி. கருவியின் இனத்தை இரும்பு காட்டிவிடும். ஆனால் அது ஒருவன் கைக்கு எவ்வாறு வந்தது, எங்கே கொண்டு செல்லப்பட்டது என்பதை இரும்பு சொல்லாது. அதனை மனிதரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். நீதிபதி சூழ்நிலையை எடைபோட இடமளிக்காத கட்டாய மரண தண்டனையை மலேசியா 2023இல் நீக்கியது. கணபதியின் உயிரைக் கொண்ட புடு சிறை அதற்கு முன்னரே இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது.