சோற்றுப் பானையும் பரம்பரைதான்

இலங்கை மலையகத்தில் ஒருவருக்குச் சீனி வியாதியோ கொலஸ்ட்ரோலோ கண்டால், ‘அது பரம்பரை’ என்று கதையை முடித்துவிடுவது வழக்கம். பரம்பரை என்பது சரிதான். ஆனால் இரத்தத்தோடு சோற்றுப் பானையும் வழிவழியாக வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடும் பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டங்களானாலும் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களானாலும் சரித்திரம் ஒன்றுதான். கோப்பிக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம் பக்கமிருந்து கங்காணி பின்னால் வந்தவர்களுக்குத் தோட்டமே அரிசியை அளந்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழிந்து, தேயிலை வந்த பிறகும் அந்த ஏற்பாடு நீடித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூட அரிசி விலையையும் சேர்த்தே பேசியது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் என்ன வேகும் என்பதைத் தோட்டத் துரையின் கணக்குப் புத்தகம் தீர்மானித்தது. 1973–74இல் அரசின் உணவுப் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களில் சாவு ஏறியது. அரிசி விட்ட இடத்தைக் கோதுமை மா பிடித்தது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு ஓடுமுன் தடித்த ரொட்டி, ஒரு கிள்ளு சம்பல், சீனி தூக்கலாகத் தேத்தண்ணி. பசி அடங்கும், பருப்பும் மீனும் எட்டாது. மாச்சத்து மிஞ்சினால் ஈரல் அதை ட்ரைகிளிசரைட் கொழுப்பாக்குகிறது. சீனி வியாதிக்காரருக்கு அது ஏறி, நல்ல கொலஸ்ட்ரோல் இறங்குவது சாதாரணம். மொத்தக் கொலஸ்ட்ரோல் அளவாக இருந்தாலும் ஆபத்து மறைந்திருக்கும்.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஏபிஓஈ மரபணுவின் ஈ4 வடிவம் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது. டிசிஎஃப்7எல்2 மாறுபாடு சீனி வியாதிக்கு வழிவிடுகிறது. ஒரே ரொட்டியைத் தின்ற அண்ணனுக்கும் தம்பிக்கும் அளவு ஏன் வேறு என்பதற்கு இவை விடை சொல்லும். ஒரு சமூகமே ஓரிரு தலைமுறைக்குள் மாறியதற்குச் சொல்லாது. இதற்கு மொரிசியஸ் நல்ல சாட்சி. தமிழர் கூலிகளாகப் போன இன்னொரு தீவு அது. 1987இல் அங்கே எடுத்த கணக்கில் இந்திய வம்சாவளியினர், சீனர், கிரியோல் மக்கள் என எல்லாரிடமும் நீரிழிவு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. அரசு பங்கீட்டு எண்ணெயைப் பாமாயிலிலிருந்து பெரும்பகுதி சோயாவாக மாற்றியது; வேறு பிரசாரங்களும் நடந்தன. 1992இல் சராசரிக் கொலஸ்ட்ரோல் லீற்றருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆனது. ஐந்து வருஷத்தில் எவருடைய மரபணுவும் மாறியிருக்காது.

பசியைத் தாங்கியவர்களே பிழைத்தார்கள், அந்தச் சிக்கன மரபணுதான் இன்று வினையாகிறது என்பார்கள். 1962இல் மரபியலாளர் ஜேம்ஸ் நீல் முன்வைத்த ஊகத்தின் வழிவந்த வாதம் இது. ஐந்தாறு தலைமுறை அதற்குப் போதாது என்பது என் எண்ணம். தாய் வயிற்றில் பட்ட பட்டினியைப் பார்ப்பதே பொருத்தம். சிறுத்துப் பிறக்கும் குழந்தையின் உடலிலும் கொழுப்பின் பங்கு கூடுதல் என்று புனேயில் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழுவினர் காட்டினார்கள். இலங்கையில் எடை குறைந்த பிறப்பு அதிகம் உள்ளது தோட்டப்புறத்தில்தான். 1974இல் கருவில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. கிளினிக்கில் அவர்களிடம் அப்பாவுக்குச் சீனி இருந்ததா என்று கேட்கிறார்கள். அம்மா அந்த வருஷம் என்ன சாப்பிட்டார் என்பதையும் கேட்கலாம்.