ஐந்து ஊர்கள், ஒரு நகரம் – 4: விழுங்க வந்த பக்கத்து ஊர்

சென்ற வாரம் 1868 அக்டோபர் 21 காலையில் நிறுத்தியிருந்தோம். ஹேவர்ட் நிலப்பிளவு அசைந்தது. மிஷன் சான் ஹோசேயின் பச்சைச் செங்கல் தேவாலயம் சரிந்து விழுந்தது. 1797-இல் ஸ்பானியப் பாதிரிமார் நிறுவிய மடம் அது. அதன் சுவர்களை எழுப்பியவர்கள் ஓலோனிப் பழங்குடியினர். நோயில் மடிந்த அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். ஃப்ரீமாண்ட் நகரத்தின் கதையை யார் சொன்னாலும் அந்த மண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்த எண்பது ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்கே சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று ஐந்து சிற்றூர்கள். இடையே ஆப்ரிகாட் தோப்புகளும் காய்கறி வயல்களும்.

நைல்ஸில் மட்டும் ஒரு நிமிடம் நிற்போம். 1912-இல் எஸ்ஸனே படக் கம்பெனி இங்கே கூடாரம் போட்டது. 1915-இல் சார்லி சாப்ளின் வந்தார். ‘தி டிராம்ப்’ படத்தின் கடைசிக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். காதல் கைகூடாத நாடோடி, நமக்கு முதுகைக் காட்டியபடி புழுதிச் சாலையில் தளர்ந்து நடக்கிறான். சட்டென்று உடம்பை உலுக்கிக்கொள்கிறான். நடையில் ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. அது நைல்ஸ் பள்ளத்தாக்குச் சாலை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. ஊர் திரும்பிய வீரர்களுக்கு வீட்டுக் கடன் தாராளமாகக் கிடைத்தது. தோப்புகளை வெட்டி மனை போட்டார்கள். வடக்கே ஹேவர்ட் நகரம் அக்கம்பக்கத்து நிலங்களைத் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டே வந்தது. ஐந்து ஊர்களுக்கும் நகராட்சி கிடையாது. எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை என்பதையெல்லாம் ஓக்லண்டில் இருந்த மாவட்ட நிர்வாகம்தான் முடிவு செய்தது. சும்மா இருந்தால் ஹேவர்டின் வால்பகுதியாகிவிடுவோம் என்ற பயம் பரவியது.

இர்விங்டனில் மருந்துக் கடை வைத்திருந்த வாலி பாண்ட் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. ஊர் ஊராகப் பேசினார்கள். பக்கத்திலிருந்த நியூவார்க் மட்டும் ஒப்பவில்லை; 1955-இல் தனி நகரமாகிவிட்டது. இன்றும் வரைபடத்தைப் பாருங்கள்: ஃப்ரீமாண்ட் சூழ்ந்து நிற்க, நடுவே நியூவார்க் தனியாக இருக்கிறது.

1956 ஜனவரி 23 அன்று ஐந்து ஊர்களும் ஒரே நகரமாயின. ஒரு ஊரின் பெயரை வைத்தால் மற்ற நான்கும் முகம் சுளிக்கும். ஆகவே நில ஆய்வாளர் ஜான் சி. ஃப்ரீமாண்டின் பெயர் வந்தது. 1856-இல் ரிபப்ளிகன் கட்சியின் முதல் ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றவர். 1846-இல் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் பழங்குடி மக்களைக் கொன்று குவித்ததும் இவருடைய படைதான். ஓலோனிகள் புதைந்த மண்ணுக்கு இந்தப் பெயரை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நகர மையத்தை அமைத்த விதம் புத்திசாலித்தனமானது. ஐந்து ஊர்களில் எதிலும் அமைக்காமல், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் கிடந்த வெற்று நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய ஊர்கள் அழியாமல் பிழைத்தன. ஆனால் கார் இல்லாதவருக்கு இடமில்லாத நகரமாகவும் அது ஆனது. 1960-இல் 43,790 பேர். பத்தே ஆண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இந்த வளர்ச்சிக்குத் தெற்கே ஒரு பெரிய காரணம் உண்டு. 1962-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே கார் ஆலையைத் திறந்தது. சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் ஆலைக்குள் நிர்வாகமும் தொழிலாளரும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். திடீர் வேலைநிறுத்தங்கள், வேலைக்கு வராத நாட்கள், குறையோடு வெளியேறும் கார்கள். 1982 மார்ச்சில் ஆலை இழுத்து மூடப்பட்டது.

இரண்டே ஆண்டில் ஒரு ஜப்பானியக் கம்பெனி வந்து அந்தக் கதவைத் திறந்தது. வேலைக்கு எடுத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அதே பழைய ஆட்களைத்தான்!

(அடுத்த வாரம்)